வந்தவருக்கு மொழி தருவது யார் பொறுப்பு?

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தமிழர்களை உட்காரவைத்து ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார்கள். கேரள எல்லையில் ஆரியங்காவைத் தாண்டினால் பீகார்காரருக்கு மலையாளம் சொல்லித்தருகிறார்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் வேலை தேடி வந்திருப்பவருக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்?

தென்காசி மாவட்டத்து வடகரைப் பக்கத்து ஊர்களில் வெளிநாடு என்பது யாருக்கும் அந்நியமான பேச்சு இல்லை. அடவிநயினார் அணைத் தண்ணீரில் நெல்லும் தென்னையும் விளைகிற இந்த மலையடிவாரத்தில், மகனையோ மருமகனையோ வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் ஏராளம். பக்கத்திலிருக்கும் கடையநல்லூருக்கு இது நூறாண்டுப் பழக்கம். கைத்தறி நலிந்த காலத்தில் அங்கிருந்து குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கப்பலேறினார்கள். ஆண்கள் துறைமுகத்தில் வேலை பார்த்தார்கள். பெண்கள் மசாலா இடித்து விற்றார்கள். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம் உருவானது. போர் முடிந்த மறுவருடமே, 1946-ல், அந்தச் சங்கம் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அந்தப் பள்ளி வளர்ந்து உயர்நிலைப் பள்ளியாகி, 1982 வரை நடந்தது. சிங்கப்பூரின் தமிழ்மொழி நிலையத்துக்கு இன்றும் உமறுப் புலவர் பெயர்தான்.

போன இடத்தில் மலாயும் ஆங்கிலமும் பழகிக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தமிழையும் விடாமல் கொடுத்தவர்கள் இந்த மண்ணிலிருந்து போனவர்கள். யாரும் சொல்லித்தராமல், கடைத்தெருவிலும் கப்பல்துறையிலும் திட்டு வாங்கி, கூலியில் ஏமாந்து, காதால் கேட்டுப் பழகிய மொழி அது. அந்தப் பாட்டை நம் பாட்டன்மார் பட்டார்கள்.

இன்று அதே பாட்டை நம் ஊருக்கு வந்தவர்கள் படுகிறார்கள். பிரானூர் பார்டரின் மர அறுவை மில்கள், குற்றாலத்து ஹோட்டல் சமையல்கட்டுகள், தென்காசியைச் சுற்றி எழும்பும் கட்டடங்களின் சாரங்கள், டைல்ஸ் வேலை, செங்கல் சூளை என்று எங்கே பார்த்தாலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் மாநிலத்து இளைஞர்களின் முகங்கள். மேஸ்திரி சைகையில் பேசுகிறார். முதலாளி நாலு இந்தி வார்த்தையில் சமாளிக்கிறார். மருந்துக் கடையில் வயிற்றைத் தொட்டுக் காட்டி மாத்திரை வாங்குகிறார்கள். பேச்சு இல்லாத இந்த உறவில் நஷ்டம் முழுவதும் வந்தவர் பக்கமே சேர்கிறது.

புதிதாக வந்த ஒருவருக்கு அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொடுப்பது அழைத்துக்கொண்ட ஊரின் கடமை. இதைப் பல நாடுகள் பல விதமாகச் செய்து பார்த்திருக்கின்றன. செய்ததில் ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. அந்த அனுபவத்தில் கணிசமான பங்கு தமிழர்கள் மாணவர்களாக உட்கார்ந்திருந்த வகுப்புகளில் கிடைத்தது. வெறும் கையோடு போய் இறங்கி, பிறர் கற்றுக்கொடுக்கக் கற்ற சமூகம் நாம். ஆசிரியர் நாற்காலியில் உட்காரும் முறை இப்போது நமக்கு வந்திருக்கிறது.

கப்பலிலேயே தொடங்கிய வகுப்பு

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் லட்சக்கணக்கானவர்களை வீடற்றவர்களாக்கியது. ஆஸ்திரேலியாவுக்கு ஆள் தேவைப்பட்டது. போலந்து, உக்ரைன், பால்டிக் நாடுகளிலிருந்து அகதிகளைக் கப்பல் கப்பலாக அழைத்துக்கொண்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஆங்கிலம் தெரியாது. வேலைக்கு அனுப்பினால் போதும், மொழி தானாக வந்துவிடும் என்று அந்த அரசு விட்டுவிடவில்லை. 1948-ல் ஒரு திட்டம் போட்டார்கள். ஐரோப்பிய முகாமில் ஆரம்பப் பாடம், பயணக் கப்பலின் மேல்தளத்தில் அடுத்த பாடம், கரையிறங்கியதும் போனகில்லா போன்ற வரவேற்பு முகாம்களில் தொடர் பாடம். பண்ணைகளுக்கும் அணைக்கட்டு வேலைகளுக்கும் சிதறிப் போனவர்களுக்குத் தபாலில் பாடம் போனது. வானொலியிலும் ஆங்கிலப் பாடம் ஒலிபரப்பானது.

அந்தத் திட்டம் வயதுவந்த குடியேறிகளுக்கான ஆங்கிலத் திட்டம் என்ற பெயரில் இன்றுவரை நடக்கிறது. பின்னால் வந்த வியட்நாம்காரர், லெபனான்காரர், ஈழத்தமிழர் எல்லோரும் அதில் படித்தார்கள். 1990-களில் ஒருவருக்கு 510 மணி நேரம் இலவச வகுப்பு என்று வரம்பு கட்டினார்கள். பள்ளிக்கூடமே போகாத ஒரு தாய்க்கும் பொறியியல் படித்த ஒரு இளைஞனுக்கும் ஒரே 510 மணி நேரம் எப்படிப் போதும்? எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுவதற்குள் அந்தத் தாயின் நேரம் தீர்ந்துபோனது. 2021 ஏப்ரலில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வேலைக்குப் போதுமான ஆங்கிலம் வரும்வரை படிக்கலாம் என்ற நிலை இப்போது.

கனடா: முதலில் ஆண்களுக்கு மட்டும்

1986 ஆகஸ்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலோரத்தில் இரண்டு உயிர்காக்கும் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்ததை மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். இலங்கையில் நடந்த 1983 ஜூலைப் படுகொலைக்குப் பிறகு தப்பி ஓடிய தலைமுறை அது. விமானத்தில் வந்தவர்கள் அதைவிடப் பன்மடங்கு. பலர் டொராண்டோ உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவினார்கள். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகவும் கணக்காளராகவும் இருந்தவர்களும் அதில் உண்டு. சமையல்கட்டில் காதில் விழும் பத்து ஆங்கில வார்த்தைகளே பலருக்கு முதல் பாடம்.

அப்போது கனடாவில் ஆங்கில வகுப்புகள் இல்லாமல் இல்லை. ஆனால் உதவித்தொகையோடு கூடிய முழுநேர மொழிப் பயிற்சி, வேலைச் சந்தைக்குப் போகிறவர் என்று கருதப்பட்டவருக்குத்தான். குடும்பத்தில் அந்த இடம் கணவனுக்கு. கணவனின் பொறுப்பில் வந்த மனைவிக்கு அது எட்டாது. ஆடைத் தொழிற்சாலையில் அவர் பகல் முழுக்கத் தையல் மிஷின் ஓட்டினாலும் கணக்கில் அவர் வேலைக்குப் போகாதவர்தான். பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன.

1992-ல் புதிதாக வந்தோருக்கான மொழிப் பயிற்சித் திட்டம் வந்தது. சுருக்கமாக 'லிங்க்' என்பார்கள். வேலைக்குப் போகிறவர், போகாதவர் என்ற பாகுபாடு போனது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று கூடவே வந்தது: வகுப்பு நடக்கும் இடத்திலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. கைக்குழந்தையோடு இருக்கிற ஒரு பெண்ணுக்கு வகுப்பின் கதவைத் திறந்துவிட்டது அந்தப் பராமரிப்பு அறைதான். புத்தகமும் பாடத்திட்டமும் அதற்கு அப்புறம்.

குறையும் இருந்தது. அகதி விண்ணப்பம் முடிவாகாமல் காத்திருப்பவருக்கு அந்த மத்திய அரசு வகுப்பில் இடமில்லை. தமிழர்களில் பலர் அந்த முடிவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள். ஒண்டாரியோ மாகாண அரசு நடத்திய வேறு வகுப்புகளும், தமிழ் அமைப்புகளும், தேவாலயங்களும், தன்னார்வலர்களும்தான் அந்த இடைவெளியை நிரப்பினார்கள். மொழி மிக அவசரமாகத் தேவைப்படுகிற முதல் இரண்டு மூன்று வருடங்களில் கதவை மூடிவைத்து, ஆள் நிலைபெற்ற பிறகு திறப்பது எந்த நாட்டுக்கும் நல்ல கணக்கு இல்லை.

அந்த வகுப்பில் என்ன நடக்கிறது?

ஆங்கில வகுப்பு என்றதும் நமக்கு இலக்கணமும் கட்டுரையும் நினைவுக்கு வரும். இந்த வகுப்புகள் அப்படிப்பட்டவை இல்லை. முதலில் ஒரு நேர்காணல் வைத்து, கேட்டல், பேசல், படித்தல், எழுதல் நான்கிலும் தனித்தனியாக நிலை பார்க்கிறார்கள். கனடா இதற்காகவே 12 படிகள் கொண்ட ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. குடியுரிமை கேட்கும் 18 முதல் 54 வயதுக்காரர் கேட்பதிலும் பேசுவதிலும் நான்காம் படியை எட்டியிருக்க வேண்டும்.

ஆரம்பப் படியில் பாடம் என்பது ஒரு நாளின் வேலை. மருத்துவரிடம் நேரம் கேட்டுத் தொலைபேசியில் பேசுவது, பேருந்தில் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பது, பிள்ளையின் பள்ளிக்கு இன்று வரமாட்டான் என்று சொல்வது, சம்பளச் சீட்டில் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று படிப்பது. இதில் தொலைபேசிதான் கஷ்டம். நேரில் என்றால் கை பேசும், கண் பேசும். தொலைபேசியில் காது ஒன்றுதான் துணை. அதனால் நல்ல ஆசிரியர்கள் இரண்டு பேரை முதுகுக்கு முதுகு திருப்பி உட்காரவைத்துப் பேசப் பழக்குவார்கள்.

தமிழர்களுக்கு முதல் முட்டுக்கட்டை விண்ணப்பப் படிவத்தின் முதல் இரண்டு கட்டத்திலேயே காத்திருக்கும். முதல் பெயர், கடைசிப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டால், மனைவிக்கு ஒரு கடைசிப் பெயர், கணவனுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இன்னொன்று. எதிரே உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கு இவர்கள் ஒரே குடும்பமா என்ற சந்தேகம் வந்துவிடும். எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது, எழுதியதை எல்லா ஆவணத்திலும் எப்படி மாறாமல் வைத்துக்கொள்வது, கேட்டால் எப்படி விளக்குவது என்பதை ஒரு முழுப் பாடமாகவே சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கற்பவரின் ஊர் வழக்கம் தெரிந்த ஆசிரியர் இதை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுவார். தெரியாதவர் மாணவர்தான் தப்பாக எழுதுகிறார் என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொரு சிக்கல், ஒரே வகுப்பில் எல்லோரும் கலந்து உட்காருவது. உயர்தரம் படித்த இளைஞன் ஒரு பெஞ்சில், ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அவன் பெரியம்மா அடுத்த பெஞ்சில். அவனுக்கு எழுத்து தெரியும், காதும் நாக்கும் பழக வேண்டும். பெரியம்மாவுக்குப் பேனா பிடிப்பதே புதுசு. அவருக்குத் தாய்மொழியில் விளக்கம் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் பாதி பாரம் இறங்கிவிடும். அதுவரை பட்ட கூச்சமும் இறங்கும். ஐம்பது வயதில் பேரப்பிள்ளைகள் திருத்தும்படி பேசுவது எளிதான காரியம் இல்லை. அந்தக் கூச்சத்தை மதிக்கிற வகுப்பில்தான் பெரியவர்கள் இரண்டாம் வாரமும் வருவார்கள்.

வகுப்பு, வடிகட்டியாக மாறும்போது

மொழி வகுப்பு எப்போதும் அன்பின் பேரில் நடந்ததில்லை. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1914-ல் தன் கார் தொழிற்சாலையில் ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். ஷிப்ட் முடிந்த தொழிலாளர்கள் அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும். பட்டமளிப்பு விழாவில் ஒரு நாடகம் நடந்தது. மேடையில் ஒரு கப்பல் செட்டு. அதிலிருந்து ஒவ்வொருவரும் தங்கள் நாட்டு உடையில் இறங்கி, நடுவில் வைத்த ராட்சதக் கொப்பரைக்குள் போவார்கள். ஆசிரியர்கள் பெரிய கரண்டியால் கிண்டுவதுபோல் பாவனை செய்வார்கள். மறுபக்கம் எல்லோரும் அமெரிக்க உடையில், கையில் கொடியோடு ஏறி வருவார்கள். ஆங்கிலம் கற்றால் மட்டும் போதாது, வந்தபோது இருந்த ஆளே மிச்சமில்லாமல் கரைந்துபோக வேண்டும் என்பதே அந்தக் கொப்பரை சொன்ன பாடம்.

பிரிட்டனின் கதையில் இரண்டு முகமும் தெரிகிறது. 1970-களில் ஆசியப் பெண்களுக்காகத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார்கள். 1977-ல் பி.பி.சி., வெளியே வரத் தயங்கும் பெண்களை மனத்தில் வைத்து 'பரோசி' என்ற தொலைக்காட்சித் தொடரையே எடுத்தது. பிறகு காற்று மாறியது. 2010 நவம்பர் முதல், கணவனிடம் போய்ச் சேர விசா கேட்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணும் தமிழ்நாட்டுப் பெண்ணும் ஊரிலிருந்து புறப்படுமுன்பே ஆங்கிலத் தேர்வில் தேறிக் காட்ட வேண்டும் என்றானது. தேர்வு கூடியபோது வகுப்பு குறைந்தது. இங்கிலாந்தில் குடியேறிகளின் ஆங்கில வகுப்புக்கான அரசு நிதி, 2009-10-ல் சுமார் 20 கோடி பவுண்டாக இருந்தது, 2015-16-ல் 9 கோடியாகச் சுருங்கிவிட்டது. ஆங்கிலம் கற்கவில்லை என்று குடியேறிகளைக் குறைசொன்ன அதே காலத்தில்தான் இதுவும் நடந்தது.

கற்றுக்கொடுக்காமல் பரீட்சை வைப்பது அநியாயம். கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லி ஆளை மாற்றப் பார்ப்பதும் அநியாயம். கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூரில் ஊர் மொழியும் பழகிக்கொண்டு தமிழ்ப் பள்ளியும் நடத்தினார்கள் அல்லவா? ஒன்றைப் பெற இன்னொன்றை விட வேண்டியதில்லை என்பதற்கு நம் ஊர்க்காரர்களே சாட்சி.

ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம்

நல்ல முன்மாதிரியைத் தேடி டொராண்டோவரை போக வேண்டாம். செங்கோட்டையில் ரயிலேறினால் மலையைக் குடைந்து போய்ப் புனலூரில் இறங்கிவிடலாம். 1956 வரை செங்கோட்டையே அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர்தான்.

கேரளத்தில் உள்நாட்டுக் குடியேறித் தொழிலாளர்கள் சுமார் 25 லட்சம் பேர் என்று குலாட்டி நிதி, வரியியல் ஆய்வு நிறுவனத்தின் 2013 ஆய்வு கணக்கிட்டது. 2017 ஆகஸ்டில் கேரள எழுத்தறிவு இயக்கம், பிளைவுட் ஆலைகளுக்குப் பேர்போன பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நண்பன் என்பது அந்தப் பெயரின் பொருள். நான்கு மாதப் படிப்பு. 'ஹமாரி மலையாளம்' என்ற பாடப் புத்தகம், இந்தி தெரிந்தவர் மலையாளத்துக்குள் நடந்துவரும்படி எழுதப்பட்டது. எழுத்தறிவு இயக்கத்தின் களப்பணியாளர்கள் தங்குமிடங்களைத் தேடிப் போய் ஆள் சேர்த்தார்கள். வேலை முடிந்த நேரத்தில் வகுப்பு. கடைசியில் ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். தேறாவிட்டால் எந்த உரிமையும் பறிபோகாது.

2020-ல் அந்தத் தேர்வு முடிவு வந்தபோது கேரளமே பேசிய செய்தி ஒன்று உண்டு. பீகாரிலிருந்து குடும்பத்தோடு கொல்லம் மாவட்டத்துக்கு வந்து குடியேறிய ஓர் இளம்பெண் 100-க்கு 100 வாங்கியிருந்தார். சில மாதக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே தேர்வுக்கு வந்தவர். நம் தென்காசியிலிருந்து பார்த்தால் கொல்லம் அடுத்த மாவட்டம். மலைக்கு அந்தப் பக்கம் முடிந்தது, இந்தப் பக்கம் முடியாதா?

குழந்தைகளுக்காக எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-ல் 'ரோஷ்னி' தொடங்கியது. பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய முயற்சி அது. ஆலைப்பகுதிப் பள்ளி என்பதால் வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகள் அதிகம். பள்ளி மணி அடிக்குமுன் ஒன்றரை மணி நேரம் சிறப்பு வகுப்பு, கூடவே காலைச் சிற்றுண்டி. பிள்ளை பேசுகிற இந்தியிலோ வங்காளத்திலோ ஒடியாவிலோ ஆசிரியர் தொடங்கி, பேச்சின் நடுவே மலையாளத்துக்கு மாறுவார். வீட்டு மொழியை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வா என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லவில்லை. அங்கே படித்த வெளிமாநிலப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் முதல் தரம் வாங்கும் அளவுக்கு வந்தார்கள்.

நம் பக்கம் என்ன நிலை?

தமிழ்நாடு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது தவறு. திருவள்ளூர் செங்கல் சூளைகளில் ஒடிசாப் பிள்ளைகளுக்கு அவர்களின் மொழியிலேயே பாடம் நடத்த, ஒடிசாவிலிருந்து புத்தகமும் ஆசிரியரும் வரவழைத்த நல்ல அனுபவம் நமக்கு உண்டு. பள்ளிக்கல்வித் துறை வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 'தமிழ் மொழி கற்போம்' திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. உலகெங்குமுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் பாடம் நடத்துகிறது. 2022-ல் தமிழ்ப் பரப்புரைக் கழகம் தொடங்கியது. தமிழைப் புதிதாகக் கற்பவருக்குச் சொல்லித்தரும் அறிவும் புத்தகமும் ஆளும் நம்மிடம் இருக்கின்றன. மெல்போர்னில் இருக்கும் பேத்திக்கு அவை போய்ச் சேருகின்றன. பிரானூரில் மரம் அறுக்கிற இளைஞனுக்குப் போய்ச் சேரவில்லை. விடுபட்டுப்போனது வேலை செய்யும் வயதுவந்தவர்கள்.

மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம் கூலி, தங்குமிடம், மருத்துவம், பயணப்படி பற்றிப் பேசியது. மொழி கற்பிக்கும் கடமையை அது யார் தலையிலும் வைக்கவில்லை.

அதன் விலையை 2023 மார்ச்சில் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள், கொல்லுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் கைபேசிகளில் பரவின. வேறு எங்கோ நடந்த சண்டைகளைத் தமிழ்நாட்டில் நடந்ததாகக் காட்டினார்கள். திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பயந்து ரயில் நிலையத்துக்குப் போனார்கள். போலீஸ் இந்தியில் விளக்கம் வெளியிட்டது. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நேரில் பார்த்தது. பொய் அம்பலமாகி, பரப்பியவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. ஆனால் அந்தப் பயம் ஏன் அத்தனை வேகமாகப் பிடித்தது? பக்கத்து டீக்கடைக்காரரிடம் "அண்ணே, இது உண்மையா?" என்று கேட்க அந்த இளைஞர்களிடம் மொழி இல்லை. அவரும் "ஒண்ணுமில்ல தம்பி, பயப்படாத" என்று சொல்ல வழியில்லை. கைபேசி சொன்னதை நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

நம் பேச்சிலும் ஒரு குறை இருக்கிறது. 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் எல்லோரையும் ஒதுக்கிவிடுகிறோம். இந்தித் திணிப்பை எதிர்ப்பது தமிழ்நாட்டின் அரசியல் உரிமை. 1938 முதல் அந்த உரிமைக்காகச் சிறை போனவர்களும் உயிர் கொடுத்தவர்களும் உண்டு. வங்காளமோ மைதிலியோ சந்தாலியோ வீட்டில் பேசுகிற ஒரு கூலித் தொழிலாளி அந்தத் திணிப்பின் ஆள் இல்லை. அவர் தமிழ் கற்க உதவுவது தமிழுக்குச் செய்கிற தொண்டும்கூட.

தென்காசியில் தொடங்கலாம்

இதற்குப் புதுத் துறையும் பெரிய கட்டடமும் வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் இதே மண், அப்போது ஒன்றாக இருந்த திருநெல்வேலி மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தைக் கண்டது. எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அதில் களத்தில் நின்று, அந்த அனுபவத்தை 'இருளும் ஒளியும்' என்று எழுதிவைத்தார். புதுக்கோட்டையில் கல்குவாரிப் பெண்களுக்கு அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய் எழுத்து கற்றுக்கொடுத்தார்கள், சைக்கிளும் பழக்கினார்கள். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் திரண்டார்கள். இப்போது 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. தெருவில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பது நமக்குப் பழகிய வேலை. மாணவர்தான் புதியவர்.

வகுப்பு வேலையிடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவர் பஸ் ஏறி வரமாட்டார். தங்கும் கொட்டகையிலோ, மில்லின் உணவு இடைவேளையிலோ, ஞாயிறு காலையிலோ நடத்தினால் வருவார். வேலை நேரத்தில் வாரம் ஒரு மணியைக் கூலி பிடிக்காமல் ஒதுக்க முதலாளிகள் முன்வந்தால் அதைவிட நல்லது. அந்த ஒரு மணியின் பலன் அவர்களுக்கும் உண்டு. குடும்பத்தோடு வந்திருக்கும் பெண்களுக்கு, கனடா கற்றதைப்போல, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அங்கன்வாடிக்குப் பக்கத்திலேயே வகுப்பை வைத்தால் அந்தக் கவலை தீரும்.

முதல் பாடம் 'அ, ஆ' ஆக இருக்கக் கூடாது. மர மில்லில் முதல் பாடம் உயிர் காக்கும் பாடம்: "நிப்பாட்டு", "கைய எடு", "கரண்ட் இருக்கு", "தள்ளி நில்லு", "மேல பாரு". சுழலும் ரம்பத்தின் முன்னால் சைகை பார்க்க நேரமில்லை. இரண்டாம் பாடம் கூலி: எத்தனை நாள் வேலை, எவ்வளவு, எவ்வளவு முன்பணம் கழிந்தது. மூன்றாவது உடம்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் "எங்க வலிக்கு? எப்போலருந்து?" என்றுதான் கேட்பார். புத்தகத்தில் 'வலிக்கிறது' என்று படித்தவருக்கு இது புரியாது. அதனால் தென்காசியில் கற்பவர் தென்காசித் தமிழைக் காதால் கற்க வேண்டும். எழுத்து அதற்குப் பின்னால், பஸ் போர்டிலும் சம்பளச் சீட்டிலும் தொடங்கட்டும். ழ-வும் ற-வும் நாக்கில் ஏற நாளாகும். அதற்காக யாரும் சிரிக்கக் கூடாது என்பதை வகுப்பின் முதல் விதியாக எழுதிவைக்கலாம்.

கற்றுக்கொடுப்பவர்கள் எங்கே கிடைப்பார்கள்? வளைகுடாவில் இருபது வருடம் இருந்து திரும்பிய பெரியவர்கள் வடகரையிலும் கடையநல்லூரிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அங்கே இந்தியும் உருதும் வங்காளமும் பேசும் அறைத் தோழர்களோடு வாழ்ந்து, பலருக்கு அந்த மொழிகள் ஓரளவு பழக்கம். அரபி ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் விமான நிலையத்தில் இறங்கிய முதல் இரவு எப்படி இருந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும். வகுப்பில் அவர்கள் ஒரு பக்கமும், கல்லூரி மாணவர்கள் மறுபக்கமும் உட்கார்ந்தால் இதைவிட நல்ல ஆசிரியர் குழு எந்த நாட்டிலும் அமையாது.

இந்தப் படிப்பை ரேஷனோடும் வேலையோடும் வாடகை வீட்டோடும் யாரும் முடிச்சுப் போடக் கூடாது. தமிழ் தெரியாதவருக்கும் உரிய கூலி உண்டு, பாதுகாப்பு உண்டு, மரியாதை உண்டு. தெரிந்துகொண்டால் அவற்றைத் தாமே கேட்டு வாங்குவார். அதற்காகத்தான் கற்றுக்கொடுக்கச் சொல்கிறோம்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதோடு தொடங்கிய பயணம் இன்னும் இளையது. புதிய மாவட்டம் ஒன்று மாநிலத்துக்கே வழிகாட்டும் வாய்ப்பு இதில் இருக்கிறது. மாவட்ட நிர்வாகமும் தொழிலாளர் துறையும் எழுத்தறிவுத் திட்டமும் மில், ஹோட்டல் உரிமையாளர் சங்கங்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், பிரானூரில் ஒரு வகுப்பு, குற்றாலத்தில் ஒரு வகுப்பு என்று அடுத்த சாரல் சீசனுக்குள் தொடங்கிவிடலாம். போன இடத்திலெல்லாம் நம் பிள்ளைகளுக்கு யாராவது ஒருவர் மொழி சொல்லித்தர மாட்டாரா என்று ஏங்கிய ஊர்கள் இவை. அந்த ஒருவராக நாம் இருப்போம்.